ஏழும் வந்துருச்சா?

காலை ஆறு மணிக்குக் காபியைக் கையில் கொடுத்ததும் அத்தை கேட்கிற முதல் கேள்வி இதுதான். "ஏழும் வந்துருச்சா பாப்பா?"

நான் கொல்லைக் கதவருகே நின்று எண்ணுவேன். வேப்பமரத்தடியில் சருகைப் புரட்டிக்கொண்டு இரண்டு. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒன்று. கொய்யாக் கிளையில் ஒன்றையொன்று கோதிவிட்டுக்கொண்டு இரண்டு. ஆறாவது வேலியோரம் எதையோ இழுத்துக்கொண்டிருக்கும். ஏழாவதைத்தான் தேட வேண்டும். அது பெரும்பாலும் கொட்டில் கூரை விளிம்பில் உட்கார்ந்து நாலாபக்கமும் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருத்தர் காவலுக்கு நின்றால்தான் மற்றவர்கள் தலையைக் குனிந்து தின்ன முடியும். தவிட்டுக்குருவிக் கூட்டத்தில் அந்த முறை உண்டு.

"வந்துருச்சு அத்தை. ஏழும் இருக்கு."

"சரி." அப்புறம்தான் காபி.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். குடமுருட்டியிலிருந்து பிரியும் ஒரு சின்ன வாய்க்கால் கொல்லையின் கடைக்கோடியில் ஓடுகிறது. வாசலிலிருந்து நேராக நடந்தால் திண்ணை, ரேழி, கூடம், அடுப்படி, அதைத் தாண்டினால் கொல்லை. கிணறு, துவைக்கிற கல், மாடு இல்லாத மாட்டுக்கொட்டில், ஒரு வேம்பு, ஒரு ஒட்டு மா, கொய்யா, முருங்கை, பவழமல்லி, செம்பருத்தி, ஒரு கொத்து வாழை, நாலு தென்னை. வேலி முழுக்க ஆடாதோடையும் கிளுவையும். டெல்டாவில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் தெருவுக்கு நாலு வீட்டில் இப்படி ஒரு கொல்லை இருக்கும்.

1996இல் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தேன். இருபத்து மூன்று வருடம் இந்தக் கொல்லையில் துணி துவைத்திருக்கிறேன், வடகம் காயவைத்திருக்கிறேன், காக்காய் விரட்டியிருக்கிறேன். ஒரு பறவையையும் நின்று பார்த்ததில்லை. 2019 வைகாசியில் அத்தை கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துபோனது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைக் கூடத்தில் படுக்க வைத்தால் படுக்கவில்லை. "என்னைக் கொல்லையில கொண்டுபோய் உட்கார வை" என்று ஒரே பிடிவாதம். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். கோடை விடுமுறை நடந்துகொண்டிருந்தது. அவர் பக்கத்திலேயே நானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

அத்தைக்கு ஒரு கண்ணில் பார்வை போய்ப் பல வருடம் ஆகிறது. இன்னொரு கண்ணில் புரை எடுத்தும் தூரத்தில் இருப்பதெல்லாம் புகைபோலத்தான் தெரியும். ஆனாலும் கொல்லையில் நடப்பது ஒன்றுவிடாமல் அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் காது வழியாக.

முதல் நாள் காலையில், "பாத்திரக்காரன் ஆரம்பிச்சுட்டான் பாரு" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகு கேட்டது. டொங்க்... டொங்க்... டொங்க்... கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறை இருக்கும் தெருவில் நடந்தால் வருமே, அதே சத்தம், கொஞ்சம் தள்ளி, நிறுத்தாமல். செம்மார்புக் குக்குறுவான். கோடை முழுக்க இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். யாரோ எங்கோ எதையோ தட்டுகிறார்கள் என்று காது அதை ஒதுக்கிவிட்டிருக்கிறது.

கேட்டுவிட்டேன், இனிப் பார்க்க வேண்டும். அதற்கு நாலு நாள் ஆனது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பறவை, இலைக்குள் இலையாக இருக்கும். போதாதற்கு, கூவும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே கூவுகிறது. அதனால் சத்தம் ஒரு தடவை வேம்பிலிருந்து வருவது போலவும் அடுத்த தடவை பக்கத்து வீட்டு மாமரத்திலிருந்து வருவது போலவும் இருக்கும். ஐந்தாம் நாள் வேம்பின் உச்சியில் இலையில்லாத ஒரு குச்சியில் வெயில் காய உட்கார்ந்திருந்தபோது அகப்பட்டது. நெற்றியிலும் மார்பிலும் குங்குமம் அப்பினது போல் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். "பாத்தியா?" என்றார் அத்தை. நான் பதில் சொல்லும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

தவிட்டுக்குருவியை யாரும் அழகு என்று சொல்லி நான் கேட்டதில்லை. தவிட்டு நிறம், வெளுத்த தலை, மஞ்சள் அலகு, பாலும் நீலமும் கலந்தாற்போல் ஒரு கண். அந்தக் கண் எந்நேரமும் யாரையோ முறைப்பது போலிருக்கும். பறவை நூல்களில் வெண்தலைச் சிலம்பன் என்று போட்டிருக்கிறார்கள். ஒன்று பறந்தால் அதன் பின்னாலேயே இன்னொன்று, அதன் பின்னால் அடுத்தது என்று வரிசையாகத்தான் போகும். ஒரே சமயத்தில் ஏழும் கிளம்பி நான் பார்த்ததில்லை. பறப்பதிலும் பெரிய திறமை கிடையாது, நாலு தடவை சிறகடித்து மீதி தூரத்தை வழுக்கிக்கொண்டே கடக்கும். ஆனால் ஒன்றை விட்டு ஒன்று இருக்காது. ஒரு முறை ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் அடித்து மாமரத்தில் தேடினேன். தாழ்வான ஒரு கிளையில் ஏழும் தோளோடு தோள் நெருக்கி, பஞ்சுப் பொதி போல் உட்கார்ந்திருந்தன. எது எந்தத் தலை, எது எந்த வால் என்று தெரியவில்லை. ஓரத்தில் இருந்தது எழுந்து மற்றவற்றின் முதுகு மேலே ஏறிப்போய் நடுவில் புகுந்துகொண்டது. உடனே டார்ச்சை அணைத்துவிட்டேன். அப்புறம் ஒரு நாளும் ராத்திரியில் அவற்றைத் தொந்தரவு செய்ததில்லை.

இந்தக் கூட்டத்தில் இடது கால் மடங்கிய ஒன்று இருந்தது. தத்தித் தத்தி வரும். அத்தை அதற்குச் சின்னவ என்று பெயர் வைத்திருந்தார். ஆணா பெண்ணா என்று இருவருக்கும் தெரியாது. தவிட்டுக்குருவியில் பார்த்துச் சொல்ல முடியாது. சின்னவ தரையில் இருக்கும்போது கூட்டம் வேலிக்கு அப்பால் போய்விட்டால், அது ஒரே ஒரு தரம் கத்தும். அங்கிருந்து பதில் வரும். அந்தப் பதிலைக் கேட்டபின்தான் பறக்கும். நாலு வருடம் இருந்தது. 2023 புரட்டாசியில் ஒரு காலை ஆறு என்று எண்ணினேன். மறுநாளும் ஆறு. எது இல்லை என்று அத்தை கேட்கவில்லை. கத்துகிற சத்தத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஏழு என்பது எப்போதும் ஏழாகவே இருந்ததில்லை. ஐந்தாகி இருக்கிறது, ஒன்பதும் ஆகி இருக்கிறது. அத்தை மட்டும் ஏழும் வந்துருச்சா என்றுதான் கேட்பார். ஒரு ஆடி மாதம் எட்டு என்று சொன்னேன். எட்டாவது, குஞ்சு. கொய்யாவில் உட்கார்ந்து இறகை நடுக்கி நடுக்கிக் கத்தும், கூட்டத்தில் யார் எதைக் கொண்டுவந்தாலும் வாயில் வாங்கிக்கொள்ளும். தவிட்டுக்குருவிகள் கூட்டாகத்தான் பிள்ளை வளர்க்கும். அம்மா அப்பா மட்டுமல்லாமல் மற்றவையும் புழு கொண்டுவந்து ஊட்டும். ஆனால் இந்தக் குஞ்சின் வால் நீளமாக இருந்தது. தலையில் சின்னக் கொண்டை, முதுகு கறுப்பு, வயிறு வெளுப்பு. சுடலைக்குயில் குஞ்சு. சுடலைக்குயில் பெரும்பாலும் தவிட்டுக்குருவியின் கூட்டில்தான் முட்டையிடும். இரண்டின் முட்டையும் நீல நிறம், வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவது எல்லோருக்கும் தெரியும். தவிட்டுக்குருவிக்கும் இப்படி ஒரு கணக்கு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தையிடம் சொன்னேன். "யாரு பெத்தா என்ன, கத்துறத பாத்தா பசி மாதிரி இருக்கு. சட்டில தண்ணி இருக்கா பாரு" என்றார்.

தண்ணீர்ச் சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் செய்யலாம். எங்களிடம் இருப்பது வாய் அகன்ற ஒரு மண் சட்டி. இரண்டு விரல்கடை ஆழத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றுவதில்லை. நடுவில் ஒரு கருங்கல். ஆழமாக இருந்தால் சின்னப் பறவைகள் இறங்காது. தினமும் காலையில் கழுவி ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும், பறவைக்கு நோயும் வரும். முதலில் சட்டியை வேலியை ஒட்டி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பூனை ஆடாதோடைக்குள் பதுங்கியிருந்து குளித்துக்கொண்டிருந்த ஒரு சின்னானை, அதாவது கொண்டைக்குருவியை, கவ்விக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து சட்டி துவைக்கிற கல்லின் மேல். சுற்றிலும் பத்தடி வெட்டவெளி. பூனை வந்தால் தெரியும், பயந்தால் பறந்து ஏற மேலே கொய்யாக் கிளை இருக்கிறது.

சித்திரை, வைகாசியில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். வாய்க்கால் வெடித்திருக்கும். அந்த இரண்டு மாதம் சட்டிதான் ஊருக்கே குளம். யார் எப்போது வருவார்கள் என்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. விடிந்ததும் சின்னான் ஜோடி. அப்புறம் மைனா, வந்தால் சட்டியில் பாதித் தண்ணீர் வெளியே. பத்து மணிக்கு மேல் தவிட்டுக்குருவிகள், ஒருத்தர் குளிக்க மற்றவர்கள் கல்லைச் சுற்றி வரிசையில் நிற்கிற மாதிரி நிற்கும். உச்சி வெயிலில் காக்கை, வறண்ட ரொட்டித் துண்டோ முறுக்கோ கொண்டுவந்து நனைத்துச் சாப்பிடும். தையல்சிட்டு சட்டிக்கு வருவது அபூர்வம். அது செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றும்போது இலையில் தங்குகிற துளிகளில் உடம்பைத் தேய்த்துக் குளித்துவிடும். அதைப் பார்ப்பதற்காகவே நான் வேரில் ஊற்றாமல் இலையெல்லாம் நனையும்படி ஊற்றுகிறேன்.

பறவைக்குத் தானியம் போடுவதில்லை. போடுவது தவறு என்றில்லை. எங்கள் கொல்லைக்குத் தேவைப்படவில்லை. முருங்கை பூத்தால் தேன்சிட்டு வரும், கொய்யா பழுத்தால் கிளியும் சின்னானும் வரும், சருகு கிடந்தால் தவிட்டுக்குருவி வரும். இந்தச் சருகு விஷயத்தில்தான் வீட்டில் சண்டை. எங்கள் வீட்டுக்காரருக்குக் கொல்லை துடைத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் கூட்டிக் குவித்துக் கொளுத்திவிடுவார். சருகுக்கடியில்தான் பூச்சி, பூச்சிக்குத்தான் குருவி என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கிணற்றுக்கு மேற்கே உள்ள பாதிக் கொல்லை எனக்கு, கிழக்கே உள்ள பாதி அவருக்கு என்று முடிவானது. இப்போது போய்ப் பாருங்கள், ஏழும் என் பக்கம்தான் மேய்கின்றன. மேற்குப் பாதியை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தவிட்டுக்குருவிகளால் எங்களுக்கு ஒரு நேரடி உபகாரமும் உண்டு. ஒரு மத்தியானம் வேலியோரம் திடீரென்று ஒரே இரைச்சல். ஏழும் ஒரு ஆடாதோடைப் புதரைச் சுற்றி வாலை விரித்து, இறகைத் தொங்கவிட்டுக் குதித்துக் குதித்துக் கத்தின. அணிலும் சேர்ந்துகொண்டது. இரண்டு மைனாவும் வந்தன. அத்தை உள்ளிருந்தபடியே, "பாம்பு. கொல்லைக் கதவைச் சாத்து" என்றார். பார்த்தால் ஆள் நீளத்துக்குச் சாரை. ஊர்ந்து ஊர்ந்து அது வாய்க்காலில் இறங்கும்வரை மரத்துக்கு மரம் மாறி அதன் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு போய் விட்டுவிட்டுத்தான் திரும்பின. இந்தக் கத்தல் வேறு, வல்லூறு வரும்போது போடுகிற சத்தம் வேறு. வல்லூறுக்கு ஒரே ஒரு மெல்லிய கூர்மையான ஒலி. அவ்வளவுதான். அடுத்த கணம் கொல்லையில் யாருமே இல்லாத மாதிரி ஆகிவிடும். தரையில் வருகிற எதிரியை ஊரைக் கூட்டிக் காட்டிக்கொடுக்கலாம். வானத்திலிருந்து பாய்கிறதற்கு எதிரே கத்தினால் கத்தியதுதான் போகும். இந்த வித்தியாசம் பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆனது. இப்போது அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிடுவேன்.

தேன்சிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, கட்டைவிரல் அளவுதான். ஒரு புரட்டாசியில் செம்பருத்தியில் கூடு கட்டியது. பெண்தான் கட்டும். ஆண் கூடவே பறந்து வந்து கிளையில் உட்கார்ந்து பாடுவதோடு சரி. முதலில் குச்சியின் நுனியில் சிலந்தி நூலைச் சுற்றிச் சுற்றி ஒரு கயிறு போல் திரித்தது. அதில் நார், காய்ந்த புல், பட்டைச் சிராய் என்று ஒட்டிக்கொண்டே வந்து ஒரு பை. பக்கவாட்டில் வாசல். வாசலுக்கு மேலே மழை உள்ளே அடிக்காதபடி திண்ணைக்குத் தாழ்வாரம் இறக்கினாற்போல் ஒரு சின்ன நீட்சி. உள்ளே மெத்தைக்கு எருக்கம் பஞ்சு. அலகு நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு முகமே தெரியாமல் வரும். உள்ளே போய் உட்கார்ந்து நெஞ்சால் நாலாபக்கமும் அழுத்தி அழுத்தி இடம் பண்ணும். அப்போது பை முழுக்க அசையும்.

முட்டையிட்டு உட்கார்ந்த பத்தாம் நாளோ என்னவோ, செம்போத்து வந்தது. செம்போத்து கண்ணில் பட்டால் நல்ல சகுனம் என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொள்வார். அது வேலிக்குள்ளேயே நடந்து வந்து, செம்பருத்தியில் ஒவ்வொரு கிளையாக ஏறி, கூட்டை அலகால் பிடித்து இழுத்துக் கிழித்தது. நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் முடிந்துவிட்டது. தேன்சிட்டு ஜோடி அன்று சாயங்காலம்வரை அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. இரண்டு நாள் எனக்குச் செம்போத்தின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் அதே செம்போத்து ஒரு எலிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு வாழைக்குள் போனது. அங்கே அதற்கும் ஒரு கூடு இருந்தது.

மார்கழியில் தேன்சிட்டு மறுபடியும் கட்டியது. இந்த முறை கொட்டிலுக்குள், பழைய அரிக்கேன் விளக்கு மாட்டுகிற கம்பியில். கம்பியில் செம்போத்தால் தொற்ற முடியாது. அது அதைத் தெரிந்துதான் செய்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் நான் நிம்மதியானேன். ஒரு சிக்கல்தான். இந்தக் கூடு பார்ப்பதற்குக் கூடு மாதிரியே இருக்காது. வெளியே கம்பளிப்பூச்சி எச்சமும் பட்டைத்தூளும் சிலந்தி முட்டைப் பையும் ஒட்டிக்கொண்டு, தொங்குகிற ஒட்டடை மாதிரி இருக்கும். எதிரியை ஏமாற்றத்தான் அப்படி. போகிக்கு முதல் நாள் வீடு சுத்தம் பண்ண வந்த அம்மா ஒட்டடைக்கம்பை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டிலுக்குப் போய்விட்டார். கம்பு கூட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது உள்ளேயிருந்து ஒரு வளைந்த அலகு எட்டிப் பார்த்தது. "ஐயோ, உசிரு இருக்குதும்மா" என்று அவரே கம்பைக் கீழே போட்டுவிட்டார். அந்த வருடம் கொட்டிலுக்கு மட்டும் ஒட்டடை அடிக்கவில்லை. பொங்கல் கழிந்து சில நாளில் வாசலில் இரண்டு மஞ்சள் வாய்கள் தெரிந்தன. ஊட்டும் வேலையில் ஆணும் சேர்ந்துகொண்டது. ஒரு மணி நேரத்தில் எத்தனை நடை என்று எண்ண ஆரம்பித்து இருபதுக்கு மேல் விட்டுவிட்டேன். பூவில் தேன் குடிக்கிற பறவை குஞ்சுக்குக் கொண்டுவந்ததெல்லாம் சின்னச் சின்னச் சிலந்தியும் புழுவும்தான்.

சிட்டுக்குருவியும் அப்படித்தான். நெல்லைக் கொத்துகிற பறவை, குஞ்சுக்குப் புழுதான் கொடுக்கும். எங்கள் வீட்டுத் திண்ணையில் தை மாதம் முதல் நெற்கதிரைக் குஞ்சமாகப் பின்னிக் கட்டித் தொங்கவிடுவது அத்தையின் மாமியார் காலத்துப் பழக்கம். இன்றும் சிட்டுக்குருவி வருகிறது, ஓட்டு இடுக்கில் குடியிருக்கிறது. எதிர் வரிசையில் ஓடு பிரித்து மாடி கட்டின வீடுகளில் இல்லை. செல்போன் கோபுரம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. கோபுரம் எங்கள் தெருமுனையிலேயே நிற்கிறது. எனக்குத் தெரிந்தவரை கூடு வைக்க இடுக்கு வேண்டும், குஞ்சுக்குப் பூச்சி வேண்டும், முள்வேலியோ புதரோ பக்கத்தில் வேண்டும். இந்த மூன்றும் இருக்கிற வீட்டில் அது இருக்கிறது.

நாலு தென்னை என்று சொன்னேன். முன்பு ஐந்து. 2016இல் இடி விழுந்து ஐந்தாவதின் தலை கருகி விழுந்தது, மொட்டை மரம் மட்டும் நின்றது. அதில் முதலில் பொன்முதுகு மரங்கொத்தி துளை போட்டது. அது விட்டுப்போன பொந்தில் கிளி. கிளி குஞ்சு பொரித்துப் போனதும் சித்திரையில் மைனா. அதற்கும் கீழே இன்னொரு பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடி, விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் வந்து உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டி எங்களைப் பார்க்கும். ஒரு செத்த மரத்தில் நாலு குடும்பம். விழுந்தால் கொட்டில் மேல்தான் விழும் என்று எங்கள் வீட்டுக்காரர் வெட்டுவதற்கு ஆள் கூட்டிவந்துவிட்டார். பயத்தில் நியாயம் இருந்தது. அத்தை நாற்காலியில் இருந்தபடி, "குடியிருக்கிற வீட்டை இடிக்காத தம்பி, கூலியை வாங்கிக்கிட்டுப் போ" என்று அந்த ஆளிடம் சொன்னார். மரம் பிழைத்தது. 2021 ஐப்பசி கார்த்திகை மழை நினைவிருக்கும், விடாமல் கொட்டியது. ஒரு விடியற்காலை வாய்க்கால் பக்கமாகத் தானே சாய்ந்தது. பொந்துகளில் அப்போது முட்டையோ குஞ்சோ இல்லை. கிளிகள் மறு தையில் வந்து, மரம் நின்ற இடத்துக்கு மேலே கத்திக்கொண்டு வட்டமடித்தன. மூன்று நாள் வந்தன. எங்கள் கொல்லையில் அப்புறம் கிளி கூடு வைக்கவில்லை. யார் வீட்டிலாவது மொட்டைத் தென்னை ஆபத்தில்லாத இடத்தில் நின்றால் தயவுசெய்து விட்டுவையுங்கள்.

மகன் எனக்கு ஒரு பைனாகுலர் வாங்கி அனுப்பினான். 2023 ஜனவரியில் கோடியக்கரைக்கும் கூட்டிப்போனான். 1967 முதல் சரணாலயம், 2002இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். சதுப்பில் பூநாரைகள் வெளுத்த ரோஜா நிறக் கரை போல் நீளமாக நின்றன. வழியில் வடுவூர் ஏரியையும் பார்த்தோம். 2022இல் அதுவும் உதயமார்த்தாண்டபுரமும் ராம்சார் பட்டியலுக்கு வந்துவிட்டன. பார்க்க வேண்டிய இடங்கள்தான், மறுபடியும் போவேன். ஆனால் வண்டியில் திரும்பும்போது மனசு கொல்லையில் இருந்தது. அந்தப் பூநாரைகளில் எது நேற்று எங்கே இருந்தது, எதற்கு யாரோடு தகராறு, எதற்குக் கால் மடங்கியிருக்கும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கே பார்த்தாலும் தவிட்டுக்குருவி தவிட்டுக்குருவிதான். எங்கள் கொல்லையில் பார்த்தால் அது இன்னார். தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்ததில் எனக்குக் கிடைத்தது அதுதான்.

வருடத்தின் கணக்கும் இப்போது எனக்கு வேறு மாதிரி ஓடுகிறது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். கல்லணைக்கு மூன்று நாலு நாளில் தண்ணீர் வரும். அங்கிருந்து பிரிந்து பிரிந்து எங்கள் வாய்க்காலுக்கு வரும்போது முதலில் நுரையும் சருகுமாக ஒரு நாக்கு மாதிரி நீளும். அடுத்த சில நாளில் கானாங்கோழி சத்தம் கேட்கும். முகமும் மார்பும் வெள்ளை, முதுகு கரும்பலகை நிறம், குட்டை வாலைத் தூக்கித் தூக்கி நடக்கும். ராத்திரி முழுக்க க்வாக் க்வாக் என்று கத்தித் தூங்கவிடாது. 2024இல் அணையில் தண்ணீர் இல்லை, ஜூலை 28இல்தான் திறந்தார்கள். பலருக்குக் குறுவை நெல் போயிற்று. அந்த ஆடி முழுக்க வாய்க்கால் பக்கம் மௌனமாக இருந்தது. பம்புசெட் வைத்து நட்ட வயல்களில் மட்டும் கரிச்சான்கள், பூச்சி பிடிக்க நட்டுவைத்த பறவை தாங்கிக் குச்சிகளில் உட்கார்ந்திருந்தன. எங்கள் கானாங்கோழி ஆவணி பிறந்துதான் வந்தது. வந்ததும் ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து, "வந்துடுச்சா" என்றார், அவர் கூட. புரட்டாசிக் கடைசியில் ஐந்து குஞ்சு, கரித்துண்டு மாதிரி, அம்மா பின்னால் வாய்க்கால் மேட்டில் ஓடின.

ஐப்பசியில் வருவதுதான் எனக்கும் அத்தைக்கும் பொதுவான விருந்தாளி. தோட்டக்கள்ளன் என்றும் ஆறுமணிக்குருவி என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு ராத்திரி ராத்திரியாகப் பறந்து தெற்கே வருகிறது. 2020 ஐப்பசியில் ஒரு காலை கூடத்துச் சுவரடியில் ஒன்று விழுந்து கிடந்தது. விளக்கைப் பார்த்து மோதியிருக்கும், களைப்பாகவும் இருக்கும். கையில் எடுத்தேன். உள்ளங்கை அளவு, வாலே இல்லாத மாதிரி ஒரு உருண்டை. முதுகு பச்சை, தோளில் பளிச்சென்று ஒரு நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, தொண்டை வெள்ளை, வயிறு மாம்பழ நிறம், வாலடியில் குங்குமச் சிவப்பு. உள்ளங்கையில் அதன் இதயம் அடிக்கிறது தெரிந்தது. அத்தை கையைக் கொண்டுவந்து ஒரு விரலால் அதன் தலையைத் தொட்டுப் பார்த்தார். காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மூடி, இருட்டில் வைத்தோம். தண்ணீரை வாயில் ஊற்றக்கூடாது, அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சாயங்காலம் பெட்டிக்குள் காலால் பறண்டும் சத்தம் கேட்டது. வாழைக்குப் பின்னால் கொண்டுபோய்த் திறந்தேன். தத்திக் குதித்துச் சருகுக்குள் இறங்கி, ஒரு இலையைப் புரட்டியது. புரட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போயிற்று.

அந்த மேற்குப் பாதிச் சருகில்தான் வருடா வருடம் ஒன்று வந்து பங்குனிவரை தங்குகிறது. அதே பறவையா என்று தெரியாது. கண்ணில் படுவது குறைச்சல். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரட்டை விசிலாகக் கூப்பிடும், அவ்வளவுதான். ஒவ்வொரு வருடமும் முதல் விசிலை அத்தைதான் கேட்பார். கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டு ஒரு விரலைத் தூக்குவார். நானும் நிறுத்துவேன். அப்புறம்தான் எனக்குக் கேட்கும்.

இந்த ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மழை விட்டு ஓட்டு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தை முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வாழைக்குப் பின்னால் விசில். நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். விரல் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டது, இன்னும் தெளிவாக. அத்தை ஒரு தண்டைக் கிள்ளி முறத்தில் போட்டார்.

துணியைக் கல்லில் வைத்துவிட்டுப் பக்கத்தில் போய்க் காதோரம் குனிந்தேன். "அத்தை, ஆறுமணிக்குருவி வந்துருச்சு."

"எந்தப் பக்கம்?"

"வாழைக்குப் பின்னால."

முறத்தை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். "நாற்காலிய அந்தப் பக்கம் திருப்பிப் போடு" என்றார்.